ஒட்டுப்பலகையில் பிறந்த கணிதம்: லியோனிட் கான்டரோவிச் வரலாறு

கணிதம், வணிகவியல், பொருளியல் ஆகிய மூன்று துறை மாணவர்க்கும் பொதுவாய் அமைந்த பாடங்களுள் நேரியல் திட்டமிடல் ஒன்று. இரண்டு மாறிகள், மூன்று அல்லது நான்கு சமனிலிகள், வரைபடத் தாளில் ஒரு பலகோணம், அப்பலகோணத்தின் ஏதோ ஒரு மூலையில் விடை. அளவுகோலும் கூரிய பென்சிலும் கையில் இருந்தால் முழு மதிப்பெண் பெற்றுவிடலாம் என்பதால் நம்மில் பலருக்கு இப்பாடம் உவப்பானது. ஆனால் அந்த மூலையைத் தேடிப் புறப்பட்ட முதல் மனிதர் அதன் பொருட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாய்மூடி இருக்க நேர்ந்தது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அவர் பெயர் லியோனிட் விதாலியேவிச் கான்டரோவிச்.

இன்று விமான நிறுவனங்கள் தம் விமானிகளுக்கும் பணியாளர்க்கும் முறை வகுப்பதைக் கணிப்பொறியிடம் விட்டுவிட்டன. எந்த ஆலை எந்த நாளில் எதனைச் செய்ய வேண்டும், எந்த லாரி எந்த வழியில் செல்ல வேண்டும், விண்வெளித் தொலைநோக்கி எந்த மணியில் எந்த விண்மீனை நோக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் பொறிகளே கணக்கிட்டுத் தருகின்றன. தானியங்கித் திட்டமிடல், கால அட்டவணையாக்கம் என்று இது ஒரு தனித் துறையாகவே வளர்ந்து, அதன் நடைமுறைப் பயன்களை மட்டுமே ஆராயும் கருத்தரங்குகள் அயல்நாடுகளில் ஆண்டுதோறும் கூடுகின்றன. அத்துறையின் ஆணிவேர்களுள் ஒன்று, 1938 ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரில், ஒட்டுப்பலகை செய்வோர் கொண்டுவந்த ஒரு சிறு ஐயத்தில் இருக்கிறது.

கான்டரோவிச் 1912 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். பிள்ளைக்கு ஐந்து வயது நடக்கையில் ருஷ்யப் புரட்சி வெடித்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் குடும்பம் ஓராண்டு பெலோருஷ்யாவிற்குச் சென்று தங்கியிருந்தது. 1922 இல் தந்தையார் மறைந்தார். தாயார் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். ஊரின் பெயரும் அதற்குள் இருமுறை மாறிவிட்டது. பிறந்தபோது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1914 இல் பெட்ரோகிராடு. 1924 இல் லெனின்கிராடு. (1991 இல் பழைய பெயரே மீண்டும் வந்தது, அதனைக் காண அவர் இல்லை.)

பதினான்காம் வயதில், 1926 இல், லெனின்கிராடுப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்தார். நம் ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயது அது! 1930 இல் பட்டம் பெற்றார். 1934 இல், இருபத்திரண்டாம் வயதில், அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வகுப்பறைக்குள் முதன்முதல் நுழைந்த அவரைச் சக மாணவன் என்று எண்ணி, பேராசிரியர் வரப்போகிறார், இடத்தில் போய் அமர் என்று மாணவர்கள் அதட்டினார்கள் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ மிகையோ, அவர் தோற்றத்திற்கும் வயதிற்கும் பொருந்துகிறது. 1935 இல் ஆய்வேடு எதுவும் அளிக்காமலேயே அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கப்பட்டது. அதற்கு முன் அவர் வெளியிட்டிருந்த கட்டுரைகளே போதும் என்று கருதினர். சார்பகப் பகுப்பாய்வு என்னும் தூய கணிதத் துறையில் அவர் ஆராய்ந்த வெளிகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. இவை யாவும் மேசையும் தாளும் மட்டுமே வேண்டும் கணிதம். தொழிற்சாலைப் புகையின் வாடைகூட இல்லாதது.

அந்தப் புகை 1938 இல் வந்தது. அவர் திருமணம் செய்துகொண்டதும் அவ்வாண்டிலேயே. ஒட்டுப்பலகை நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் பல்கலைக்கழகத்தை நாடி வந்தனர். அடிமரத்தைச் சுழலவிட்டு, கூரிய கத்தியால் அதனை மெல்லிய தாளாக உரித்தெடுக்கும் இயந்திரங்கள் எட்டு அவர்களிடம் இருந்தன. உரிக்க வேண்டிய மரவகைகள் ஐந்து. ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் உரிக்கும். மரவகைகள் ஒன்றுக்கொன்று குறித்த விகிதத்தில் தேவை. எந்த இயந்திரத்திற்கு எந்த மரத்தை எவ்வளவு நேரம் கொடுத்தால் மொத்த விளைச்சல் மிகும்? கேள்வி இவ்வளவுதான்.

பார்த்த அளவில் எளிது. ஆனால் பள்ளிக் கணித வழியில் எல்லா மூலைகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதிப்பது என்று தொடங்கினால், கோடிக்கணக்கான சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்த்தாக வேண்டும். கணிப்பொறி இல்லாத காலம் அது. நம் கல்லூரியில் ஆண்டுத் தொடக்கத்தில் கால அட்டவணை போடும் ஆசிரியப் பெருமக்கள் படும் பாட்டை நாம் அறிவோம். ஒரே அறையில் இரண்டு வகுப்பு விழும். அதனை நகர்த்தினால் ஓர் ஆசிரியர்க்கு ஒரே மணியில் இரண்டு வகுப்பு விழும். கூட்டுச் சேர்க்கைகள் பெருகும் வேகம் அத்தகையது. பொறுமையால் அதனை வெல்ல முடியாது. வேறு வழி வேண்டும்.

கான்டரோவிச் அந்த வேறு வழியைக் கண்டார். அதனை விளக்க அவர் தம் நூலில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தந்துள்ளார். அதனை இங்கே சற்று விரிவாகவே பார்ப்போம். அவர் வாழ்வின் ஏற்றமும் இடரும் அந்தச் சிறு கணக்கிற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ஒரு பட்டறையில் மில்லிங் இயந்திரம் மூன்று, டர்ரட் லேத் மூன்று, தானியங்கி லேத் ஒன்று. செய்ய வேண்டிய உறுப்புகள் இரண்டு வகை. இரண்டிலும் ஒவ்வொன்று சேர்ந்தால்தான் ஓர் இணை. ஒன்று மிஞ்சினால் அது வீண். குறித்த வேலை நேரத்தில் ஒரு மில்லிங் இயந்திரம் முதல் உறுப்பு என்றால் 10, இரண்டாம் உறுப்பு என்றால் 20 செய்யும். ஒரு டர்ரட் லேத் 20 அல்லது 30. தானியங்கி லேத் 30 அல்லது 80. பட்டறை மேலாளர் எவரும் முதலில் என்ன செய்வார்? ஒவ்வோர் இயந்திரத்தொகுதியும் இரண்டு உறுப்பையும் சம அளவில் செய்யட்டும் என்று நேரத்தைப் பங்கிடுவார். நேர்மையான பங்கீடுதான். மில்லிங் இயந்திரங்களிலிருந்து 20 இணை, டர்ரட் லேத்துகளிலிருந்து 36, தானியங்கியிலிருந்து 21, ஆக 77 இணை கிடைக்கும்.

இப்போது வேறு விதமாய்ப் பங்கிடுவோம். டர்ரட் லேத்துகள் மூன்றும் முதல் உறுப்பை மட்டுமே செய்யட்டும்: 60. தானியங்கி இரண்டாம் உறுப்பை மட்டுமே செய்யட்டும்: 80. மில்லிங் இயந்திரங்கள் முதல் உறுப்பில் 26, இரண்டாம் உறுப்பில் 6 செய்து குறையை நிரப்பட்டும். இரண்டிலும் 86! புதிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை, ஆளைக் கூட்டவில்லை, வேலை நேரத்தை நீட்டவில்லை. ஒன்பது இணை கூடுதலாய்க் கிடைத்துவிட்டது.

இந்தப் பங்கீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றார். முதல் உறுப்பின் மதிப்பு 2, இரண்டாம் உறுப்பின் மதிப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்ரட் லேத்தில் நிற்பவர் முதல் உறுப்பைச் செய்தால் 40, இரண்டாம் உறுப்பைச் செய்தால் 30. ஆகவே முதல் உறுப்பையே செய்வார். தானியங்கியில் நிற்பவர்க்கு 60 அல்லது 80. அவர் இரண்டாம் உறுப்பைச் செய்வார். மில்லிங் இயந்திரத்தில் எதைச் செய்தாலும் 20. எனவே அவர் தேவைக்கேற்ப இரண்டையும் செய்யலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. மேலாளர் ஒவ்வொருவர்க்கும் ஆணையிட வேண்டியதும் இல்லை. சரியான மதிப்பு தெரிந்துவிட்டால் சரியான திட்டம் தானே அமைந்துவிடுகிறது. இந்த மதிப்புகளுக்கு அவர் தீர்வுப் பெருக்கிகள் என்று பெயரிட்டார். நம் பாடநூல்களில் நிழல் விலை என்று படிப்பது இதனைத்தான்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். இதே மதிப்புகளைக் கொண்டு இயந்திரங்களுக்கும் மதிப்புப் போடலாம். அதே வேலை நேரத்தில் மில்லிங் இயந்திரம் ஈட்டுவது 20, டர்ரட் லேத் ஈட்டுவது 40, தானியங்கி ஈட்டுவது 80. அதாவது தானியங்கியின் ஒரு மணி நேரம் மில்லிங் இயந்திரத்தின் நான்கு மணி நேரத்திற்கு ஈடு. தானியங்கி ஒரு நாள் பழுதுபட்டு நின்றால் எவ்வளவு நட்டம், இன்னொன்று வாங்க எவ்வளவு கொடுக்கலாம் என்பவற்றிற்கெல்லாம் விடை கிடைத்துவிட்டது. இப்படியே வயலுக்கும், ரயில் பாதைக்கும், மின்சாரத்திற்கும் மதிப்புக் காணலாம்.

கணக்குத் தெளிவாய் இருந்தது. ஆனால் அது எழுதப்பட்ட நாட்டில் அந்தத் தெளிவே ஆபத்தாயிற்று. சோவியத்து ஒன்றியத்தின் அதிகாரபூர்வமான பொருளியல் கொள்கைப்படி, மதிப்பு என்பது மனித உழைப்பினால் மட்டுமே பிறப்பது. இயந்திரத்திற்கும் நிலத்திற்கும் தட்டுப்பாட்டினால் ஒரு மதிப்பு உண்டு என்று கூறுவது, முதலாளிக்கு வட்டியும் நிலக்கிழார்க்கு வாரமும் உரியவை என்று கூறுவதற்கு ஒப்பாகும் எனச் சினந்து எழக்கூடியவர்கள் பலர் இருந்தனர். காலமும் கொடியது. நிகோலாய் கோன்ட்ராட்டியெவ் என்னும் புகழ்பெற்ற பொருளியலார் 1938 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937 இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கு, ஆட்சியாளர் எதிர்பார்த்த எண்ணைத் தரவில்லை என்பதால் செல்லாது என்று ஒதுக்கப்பட்டது. அதனை நடத்தியவர்கள் சிறைப்பட்டனர். ஒட்டுப்பலகைக் கணக்கு இந்தச் சூழலில்தான் பிறந்தது.

1939 இல் லெனின்கிராடுப் பல்கலைக்கழகம் அவருடைய சிறு நூலை வெளியிட்டது. உற்பத்தியை ஒழுங்கமைத்தலிலும் திட்டமிடுதலிலும் கணித முறைகள் என்பது அதன் பொருள். அப்போது அவர்க்கு வயது இருபத்தேழு. இயந்திரங்களுக்கு வேலை பகிர்தல், உலோகத் தகடு வெட்டுதல், எரிபொருளைப் பங்கிடுதல், எந்த நிலத்தில் எந்தப் பயிர் இடுவது, சரக்கு எவ்வழியே செல்வது என்று பலவற்றை அதில் ஒரே கணக்கின் பல முகங்களாகக் காட்டினார். பின்னாளில் உலகம் முழுதும் ஒரு துறையாக விரிந்தவற்றில் எத்தனை பகுதிகள் அச்சிறு நூலிலேயே இருந்தன என்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது. அந்நூலை அப்போது மேற்கொண்டு வாங்கிப் படித்துப் பயன்கொண்டவர் மிகச் சிலரே.

1941 இல் ஜெர்மானியப் படை சோவியத்து ஒன்றியத்தின் மீது பாய்ந்தது. லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டது. நகருக்கு உணவு செல்ல எஞ்சியிருந்த ஒரே தடம் லடோகா ஏரி. குளிர்காலத்தில் உறைந்த அந்த ஏரியின் பனிக்கட்டி மீது லாரிகள் ஓடின. வாழ்வின் பாதை என்று அதனைப் போற்றினர். பனியின் கனத்தையும் குளிரையும் கொண்டு, லாரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கிட்டுத் தந்தவர் கான்டரோவிச் என்றும், அவரே அப்பனியின் மீது லாரிகளுக்கிடையே நடந்தார் என்றும் அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். படைத்துறைப் பொறியியல் கல்வி நிலையத்தில் அவர் பேராசிரியராயிருந்ததும், அந்நிலையம் யாரோஸ்லாவ்ல் நகருக்கு இடம்பெயர்ந்தபோது உடன் சென்றதும் உறுதி. அங்கேதான், 1942 இல், போர்ப் பணிகளுக்கு நடுவே, ஒரு நாட்டின் பொருளியல் முழுவதற்கும் தம் முறையை விரித்து ஒரு பெரிய நூலின் வரைவை எழுதி முடித்தார்.

அவ்வரைவை அவர் திட்டக் குழுவின் முன் வைத்தார். போரில் ஒவ்வொரு கிலோ இரும்பும் உயிர் காக்கும் நேரத்தில், உள்ள இரும்பிலேயே கூடுதல் பயன் காணும் வழியைச் சொல்வது நாட்டுத்தொண்டு என்றே அவர் கருதியிருக்க வேண்டும். குழுவின் பெரியோர்கள் வேறாகக் கருதினர். இத்தாலியரான பரேட்டோவும் சிறந்த நிலை, உத்தம நிலை என்று பேசியவர். அவரைப் பாசிஸ்டுகள் கொண்டாடினர். ஆகவே சிறந்த திட்டம் என்று பேசும் இவரும் அந்த இனத்தவரே என்னும் பாங்கில் ஒருவர் வாதிட்டாராம். தருக்கம் பயிலும் மாணவர்கள் போலி வாதத்திற்கு எடுத்துக்காட்டாக இதனைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அன்று அது வெறும் போலி வாதமன்று. அதன் மறுமுனையில் சிறை இருந்தது. தம்மைக் கைது செய்வது பற்றியே பேச்சு எழுந்தது என்பதைக் கான்டரோவிச் பின்னர் அறிந்தார். வரைவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பொருளியலை விட்டு விலகினார். அன்று திட்டக் குழுவின் தலைவராய் இருந்தவர் வோஸ்னெசென்ஸ்கி. அவரும் 1950 இல் ஸ்டாலின் ஆட்சியால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆள்வோர்க்கு அருகில் இருந்ததும் அவரைக் காக்கவில்லை.

கான்டரோவிச் எதிர்த்து நின்று போராடவில்லையே என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒருவர், தம் கருத்தை மறுத்துப் பேசாமலும், கைவிட்டு எரித்துவிடாமலும், காலம் வரும்வரை காப்பாற்றி வைத்தார். கருத்தைப் பொய் என்று கையெழுத்திட்டு உயிர் பிழைத்தவர்கள் அக்காலத்தில் பலர்.

தூய கணிதத்திலும் கணக்கீட்டு முறைகளிலும் அவர் உழைப்பு குறையவில்லை. சமன்பாடுகளின் மூலங்களைக் காண நியூட்டன் வகுத்த முறையை அவர் மிக விரிந்த தளத்திற்கு எடுத்துச் சென்றது 1948 இல். 1949 இல் அவர்க்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது; கணிதத்திற்காக, திட்டமிடலுக்காக அன்று!

ஆயினும் ஒரு சிறு வாயில் வழியே பழைய காதல் மீண்டும் எட்டிப் பார்த்தது. லெனின்கிராடு யெகோரோவ் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், சல்கல்லெர் என்னும் கணித அறிஞருடன் சேர்ந்து, இரும்புத் தகடுகளை வீணின்றி வெட்டும் கணக்கைச் செயல்படுத்தினார். தையற்காரர் துணியை விரித்து, எந்தத் துண்டை எங்கே இட்டால் துணி மிஞ்சும் என்று பார்ப்பதைப் போன்ற வேலைதான் இது. துணிக்குப் பதில் தகடு, ஒரு சட்டைக்குப் பதில் நூற்றுக்கணக்கான பெட்டிகள். கழிவு வெகுவாய்க் குறைந்தது. அதனால் வந்தது வினை. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆண்டுக்கு இவ்வளவு கழிவு இரும்பை உருக்காலைக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அரசுத் திட்டத்தில் ஓர் இலக்கு. கழிவு குறைந்ததால் அந்த இலக்கு தவறியது. தொழிற்சாலை நிர்வாகம் விளக்கம் சொல்ல நேர்ந்தது என்பர். திட்டத்தில் எதனை இலக்காக வைக்கிறோம் என்பதில் தவறினால், கணக்கு எவ்வளவு சரியாயிருந்தும் என்ன பயன்? இவ்வகை வெட்டுக் கணக்குகளைத் தொகுத்து இருவரும் 1951 இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் தகடும் கண்ணாடியும் மரமும் மட்டுமே பேசப்பட்டன. நாட்டின் பொருளியல் பேசப்படவில்லை.

இதற்கிடையில் உலகின் மறுகோடியில் இதே கணக்கு இன்னொரு முறை பிறந்தது. டச்சு நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற கூப்மன்ஸ், போர்க்காலத்தில் நேச நாட்டுக் கப்பல்களின் சரக்குப் போக்குவரத்தை ஆராய்கையில் இதன் ஒரு பகுதியைக் கண்டார். அமெரிக்க வான்படைக்குப் பணிபுரிந்த ஜார்ஜ் டான்ட்சிக் 1947 இல் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். நாம் தேர்வில் அட்டவணை போட்டுச் செய்வது அதனைத்தான். படைக்குப் பயிற்சி, தளவாடம், போக்குவரத்து ஆகியவற்றை வரிசைப்படுத்தும் திட்டத்தைப் படைத்துறையினர் புரோகிராம் என்றே அழைத்தனர். ஆங்கிலத்தில் இத்துறையின் பெயரில் உள்ள புரோகிராமிங் என்னும் சொல் அதிலிருந்து வந்தது. கணிப்பொறிக்கு எழுதும் புரோகிராமிலிருந்து வந்ததன்று. அவ்வகையில் நம் பாடநூலாசிரியர்கள் திட்டமிடல் என்று மொழிபெயர்த்தது மிகப் பொருத்தமே. அமெரிக்காவில் இதனைக் கண்டவர்க்குப் பதவியும் பாராட்டும் கணிப்பொறியும் கிடைத்தன. அதற்கு எட்டாண்டு முன் கண்டவரின் நூலோ லெனின்கிராடில் தூசி படிந்து கிடந்தது.

1956 இல் கூப்மன்ஸ், கான்டரோவிச் 1942 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையைக் காண நேர்ந்தது. மண்மேட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மிகக் குறைந்த உழைப்பில் மாற்றுவது எப்படி என்பது போன்ற பொருளைக் கணித மொழியில் ஆயும் கட்டுரை அது. தாம் கண்டது முன்னரே காணப்பட்டுள்ளது என்று உணர்ந்த கூப்மன்ஸ், அதனை மறைக்காமல், கான்டரோவிச்சுக்கு மடல் எழுதினார். 1939 ஆம் ஆண்டு நூலை வரவழைத்து, அது ஆங்கிலத்தில் 1960 இல் வெளிவர ஏற்பாடு செய்தார். அறிவுலகில் முதன்மைக்காகச் சண்டையிடுவோர் நிறைந்திருக்க, முதன்மையை எடுத்துக் கொடுத்தவர் ஒருவரும் இருந்தார் என்பது மகிழ்ச்சி தருகிறது.

ஸ்டாலின் 1953 இல் மறைந்தபின் சோவியத்து நாட்டிலும் காற்று சற்றுத் திசை மாறியது. கணிப்பொறிகள் வரத் தொடங்கின. அவற்றிற்கு வேலை வேண்டியிருந்தது. நெம்சினோவ் என்னும் புள்ளியியலார் கான்டரோவிச்சுக்குத் துணை நின்றார். இவர் 1948 இல், லைசென்கோ கூட்டத்தார் மரபியலை ஒழிக்கக் கூட்டிய பேரவையில், குரோமோசோம் கொள்கைக்கு ஆதரவாய் எழுந்து பேசித் தம் பதவியை இழந்தவர். அப்படிப்பட்டவர் துணை நின்றதில் வியப்பில்லை. 1958 இல் கான்டரோவிச் அறிவியல் பேரவையின் இணை உறுப்பினரானார். பெட்டியில் பூட்டிய வரைவு, பொருளியல் வளங்களின் சிறந்த பயன் என்னும் பொருள்படும் நூலாக 1959 இல் அச்சேறியது. எழுதி முடித்துப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. நிழல் விலை என்பதைப் புறநிலையாய் அமைந்த மதிப்பீடு என்று அதில் பெயர் மாற்றி எழுதினார். விலை என்னும் சொல்லைத் தவிர்த்ததில் பழைய அச்சம் எட்டிப் பார்க்கிறது. அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை. ஆனால் இம்முறை எதிர்த்தவர்கள் கட்டுரைதான் எழுதினர், சிறைக்கு அனுப்பவில்லை.

1960 இல் சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் அருகே காட்டை வெட்டி எழுப்பிய அறிவியல் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குக் கணிதப் பொருளியலுக்கு ஒரு துறை அமைத்து இளைஞர் பலரை உருவாக்கினார். அவருடைய இரு மக்களும் அதே துறையிலேயே ஈடுபட்டனர். 1964 இல் பேரவையின் முழு உறுப்பினர். 1965 இல் நெம்சினோவுடனும் நோவோழிலோவுடனும் லெனின் பரிசு.

சாதாரண மக்கள் அவர் கணக்கைக் கையால் தொட்டது டாக்சியில்தான். முன்பு சோவியத்து நகரங்களில் டாக்சிக் கட்டணம் ஓடும் தொலைவிற்கு மட்டுமே. அருகில் செல்ல வேண்டுவோரை ஏற்ற ஓட்டுநர்க்கு மனம் வருவதில்லை. ஓட்டுநர்களின் இந்த மனப்போக்கு நமக்கும் புதிதன்று! ஏறியவுடன் ஒரு சிறு தொகை, பின்னர்க் கிலோமீட்டருக்கு முன்னதினும் குறைந்த தொகை என்று கட்டணத்தை மாற்றும்படி கான்டரோவிச் குழுவினர் கணக்கிட்டுப் பரிந்துரைத்தனர். 1961 இல் ஏறியதற்குப் பத்துக் கோபெக்கு, கிலோமீட்டருக்குப் பத்துக் கோபெக்கு என்னும் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. சிறு தொலைவுப் பயணியும் ஓட்டுநர்க்கு வேண்டியவராகிவிட்டார். ஆணை எதுவுமின்றி, சரியான மதிப்பு ஒன்றே மனிதரை நெறிப்படுத்திய காட்சி இது. மில்லிங் இயந்திரக் கணக்கின் மறுபிறவி.

1971 இல் அவர் மாஸ்கோவிற்கு மாறினார். 1975 இல் கூப்மன்ஸுக்கும் அவர்க்கும் சேர்த்துப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. சோவியத்துப் பொருளியலார் ஒருவர்க்கு அப்பரிசு கிடைத்தது அந்த ஒரு முறைதான். டான்ட்சிக்கை விட்டுவிட்டார்களே என்று கூப்மன்ஸ் மிக வருந்தி, தம் பங்கில் ஒரு பகுதியைப் பன்னாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றிற்கு அளித்துவிட்டார். அதே ஆண்டு அமைதிப் பரிசு பெற்ற சகாரோவ் நாட்டை விட்டுச் செல்லச் சோவியத்து அரசு விடவில்லை. கான்டரோவிச் ஸ்டாக்ஹோம் சென்று பரிசு பெற்று உரையாற்றினார். கணிதத்தால் பொருளியல் பெற்ற பேறுகளோடு, அதன் இடர்ப்பாடுகளையும் அவ்வுரையில் பேசினார்.

இடர்ப்பாடுகள் உண்மையிலேயே பல. ஒரு பட்டறைக்கும், ஒரு ரயில் பெட்டி ஆலைக்கும், உருக்காலைகளுக்கு வரும் ஆணைகளைப் பங்கிடுவதற்கும் அவருடைய முறை அழகாய்ப் பயன்பட்டது. நாடு முழுவதையும் ஒரே கணக்கில் திட்டமிடலாம் என்னும் அவரது பெருங்கனவு நிறைவேறவில்லை. கணிப்பொறியின் திறன் போதாமை ஒரு காரணம். கீழிருந்து வரும் எண்கள் மெய்யாய் இல்லாமை அதனினும் பெரிய காரணம். இலக்கைக் குறைத்து வாங்கவும் சரக்கைப் பதுக்கவும் ஒவ்வோர் ஆலையும் எண்ணைத் திரித்து அனுப்பினால், எந்தப் பெருக்கி அதனைத் திருத்தும்? சரியான கணக்கைக் கேட்க ஆட்சியாளர் அஞ்சிய நாட்டில், சரியான எண்ணைச் சொல்லக் கீழுள்ளோரும் அஞ்சினர். இதனைக் கணிதத்தின் தோல்வி என்பாரும் உண்டு. கணக்கைப் பழிப்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் விதைத்தது எதிர்பாராத வயல்களில் விளைந்தது. விமான நிறுவனத்தின் பணிமுறைக் கணக்கில் இலட்சக்கணக்கான முறைகள் சாத்தியம். அவற்றில் எதனைப் புதிதாய்ச் சேர்த்தால் செலவு குறையும் என்று பொறிக்குக் காட்டுவது அந்தப் பழைய பெருக்கிகளே. செயல்களை எந்த வரிசையில் செய்வது என்று பொறி தானே சிந்திக்கும் கலை மட்டும் வேறொரு வேரிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் ஷேக்கி என்னும் எந்திரனுக்காக 1971 இல் வகுத்த ஸ்டிரிப்ஸ் முறை அதன் தொடக்கம். 1999 மே மாதம் டீப் ஸ்பேஸ் 1 என்னும் விண்கலம், பூமியின் ஆணையை ஒவ்வொன்றாய் எதிர்பாராமல் தன் பணியைத் தானே திட்டமிட்டுச் செய்து காட்டியது. இன்றைய நடைமுறைக் கருத்தரங்குகளில் இவ்விரு கிளையினரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். மண்மேட்டை மாற்றும் 1942 ஆம் ஆண்டுக் கட்டுரையும் வீண் போகவில்லை. அதிலிருந்து பிறந்த தொலைவளவு அவர் பெயராலும் வழங்கி, படங்களை ஒப்பிடவும் பொறிகளுக்குக் கற்பிக்கவும் பயன்படுகிறது. அத்துறையில் உழைத்த வில்லானி 2010 இலும் பிகாலி 2018 இலும் கணிதத்தின் உயர்ந்த விருதாகிய பீல்ட்ஸ் பதக்கம் பெற்றனர்.

கான்டரோவிச் 1986 ஏப்ரல் 7 ஆம் நாள் மாஸ்கோவில் காலமானார். நோவோதேவிச்சிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அறிவியலில் தாம் நடந்த பாதையைப் பற்றி அவர் சொல்லிவைத்த நினைவுரை, மறு ஆண்டு, 1987 இல், ஒரு கணித இதழில் வெளிவந்தது. திட்டக் குழுவின் கதவுகளுக்குப் பின்னால் போர்க்காலத்தில் நடந்தவற்றை அவர் அதில்தான் விரிவாய்ச் சொல்லியிருந்தார்.